உங்களுக்குத் தெரியுமா? திவான் கச்சேரியும் தமிழ்ப் புலவர்களும்

முதல் உலகப் போர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் கழிந்த இருபது ஆண்டுகள். சுசீந்திரம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. உத்தரவு வருவது திருவனந்தபுரத்திலிருந்து, பேசுவது தமிழ். ராஜாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஏட்டையும் கல்வெட்டையும் புரட்டியவர்கள், வகுப்பறையிலிருந்து சட்டசபை வரை போனவர்கள், எழுத்தால் சட்டத்தையே அசைத்தவர்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் இந்த வட்டாரத்தில் பலர். அவர்களைப் பற்றிச் சில துணுக்குகள்.

பாட்டு முந்தியது, சட்டம் பிந்தியது

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு காலத்தில் அப்பன் சொத்து மகனுக்கு இல்லை, மருமகனுக்கு. அதாவது அக்காள் தங்கை பெற்ற பிள்ளைக்கு. குடும்பத்துக் காரணவர் கண்ணை மூடிவிட்டால், கட்டிய மனைவியும் பெற்ற மக்களும் ‘உகந்துடைமை’ என்று ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான். அந்தப் பங்குக்கும் பல வீடுகளில் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. வக்கீல் பீஸ், சாட்சிப் படி, வாய்தா என்று வயல் வயலாகக் கரைந்த குடும்பங்களின் கதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரிடமும் இருக்கும்.

1917, 18 வாக்கில் ‘தமிழன்’ என்ற இதழில் ஒரு நெடும்பாட்டு தொடராக வந்தது. ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி, தன் பாட்டை ஊராருக்கு முன்னால் சொல்லி அழுவதும் திட்டுவதுமாக நடக்கிற பாட்டு. படித்தவன் சிரித்தான், சிரித்து முடித்தபின் கொஞ்சம் வெட்கப்பட்டான். எழுதியவர் சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் பிறந்த பள்ளி ஆசிரியர் தேசிகவிநாயகம் பிள்ளை. ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்பது அதன் பெயர்.

கொல்லம் ஆண்டு 1101-ல், அதாவது 1926-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் நிறைவேறியது. மக்களுக்கும் மனைவிக்கும் உரிமை வந்தது, கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க வழி பிறந்தது. நாயர்களுக்கும் ஈழவர்களுக்கும் முந்தின ஆண்டே இப்படிச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே பாட்டு ஒன்றுதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் சட்டசபையில் பேசியவர்களின் வாதங்கள் ஊருக்குள் ஒருவர் வாயிலும் இல்லை, ஐந்தாம் மனைவியின் புலம்பல் இன்றும் இருக்கிறது. சட்டம் வந்து பல ஆண்டு கழித்து, 1942-ல்தான் அந்தப் பாட்டு நூலாக அச்சேறியது என்பது இன்னொரு வேடிக்கை.

பள்ளிக்கூடத்தில் மலையாளம், மடத்தில் தமிழ்

அதே தேசிகவிநாயகம் பிள்ளைக்குச் சிறு வயதில் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது மலையாளம். தமிழ் கிடைத்தது தேரூரில் இருந்த திருவாவடுதுறை மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம். பிற்பாடு தமிழாசிரியராகவே உத்தியோகம் பார்த்து, திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலிருந்து 1931-ல் ஓய்வு பெற்று, புத்தேரியில் வந்து குடியிருந்தார். ‘கவிமணி’ என்ற பட்டம் 1940-ல் சென்னையில் கிடைத்தது. அதுவரை ஊரில் அவர் வெறும் பிள்ளைவாள்தான்.

கவிமணியைக் குழந்தைப் பாட்டோடு நிறுத்திவிடுகிறோம். அவர் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு படித்தவர். சோழ மன்னர்களின் மெய்க்கீர்த்திகளில் வரும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி 1930களின் இறுதியில் ஆங்கிலத்தில் ஒரு ஆராய்ச்சி நூலே எழுதினார். குழந்தைக்குப் பாட்டு எழுதிய அதே பேனாதான்.

ஒரே ஒரு ஓட்டு

1925 பிப்ரவரி. திருவிதாங்கூர் சட்டசபையில் என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. வைக்கம் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களையும் சமஸ்தானத்தில் அதுபோல உள்ள மற்ற தெருக்களையும் எல்லா சாதியாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது தீர்மானம். ஆதரவு 21, எதிர்ப்பு 22. தோற்றது.

எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர், டாக்டர் பல்புவின் உடன்பிறந்தவர். ஈழவர் என்ற ஒரே காரணத்துக்காகத் திருவிதாங்கூரில் டாக்டர் வேலை மறுக்கப்பட்டு, மைசூருக்குப் போய்ப் பெயரெடுத்தவர் பல்பு. அவர் வீட்டிலிருந்தே அந்த ஓட்டு போனது. நியமனமும் பதவியும் சர்க்கார் கையில் இருந்த சட்டசபையில் மனச்சாட்சிக்கு என்ன விலை என்று அன்றைக்குப் பலரும் கேட்டார்கள்.

தீர்மானத்தின் வாசகத்தைப் பாருங்கள்: வைக்கம் மட்டுமல்ல, அதுபோன்ற மற்ற தெருக்களும். ஒரு கை மாறித் தூக்கியிருந்தால் சுசீந்திரம் தெருக்களுக்கும் அதிலேயே வழி பிறந்திருக்கலாம்.

கோட்டாறு டாக்டர்

அந்த வழி பிறக்கவில்லை. அதனால் 1926 ஜனவரி 19-ல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. முன்னே நின்றவர் கோட்டாறு டாக்டர் எம். இ. நாயுடு, எம்பெருமாள் நாயுடு. அதற்கு முன், 1924 நவம்பரில், வைக்கம் தெருக்களைத் திறக்கக் கோரிய போராட்டத்துக்கு ஆதரவாக இரண்டு ஜாத்தாக்கள் திருவனந்தபுரத்துக்கு நடந்தன. வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒன்று, தெற்கே கோட்டாற்றிலிருந்து நாயுடு தலைமையில் இன்னொன்று. தெற்கு ஜாத்தாவைப் பற்றி நம் பாடப் புத்தகங்களில் இரண்டு வரி இருந்தால் அதிகம்.

சுசீந்திரம் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தகராறு எதைப் பற்றி என்று சட்டென்று விளங்கும். மார்கழித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் தேர் ஓடுகிற அந்த நாலு தெருவும் அகலமானவை, ஊரின் நடுவில் இருப்பவை. தெப்பக்குளம் ஒரு பக்கம், கோபுரம் ஒரு பக்கம். மூன்றாம் நாள் ‘மக்கள்மார் சந்திப்பு’ என்று பிள்ளைகளான பிள்ளையாரும் முருகனும் தாய் தகப்பனைப் பார்க்க வருவதை ஊரே கூடி நின்று பார்க்கும். அந்தக் கூட்டத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதற்கு எல்லை இருந்தது. தேர்வடத்தில் கை வைப்பது அப்புறம், அந்த மண்ணில் கால் வைப்பதே வழக்காக இருந்த காலம் அது.

போராட்டம் நின்றது, 1930-ல் மறுபடி கிளம்பியது. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவானந்தம் இளவட்டமாக இருந்தபோது வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் கலந்துகொண்டவர். இடையில் 1927 அக்டோபரில் காந்தி நாகர்கோவிலுக்கு வந்து போனார்.

கமிட்டி சொன்னதும் அரசர் செய்ததும்

1932-ல் கோவில் நுழைவு பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், திவான் உத்தியோகத்திலிருந்து அந்த ஆண்டுதான் இறங்கியிருந்த வி. எஸ். சுப்பிரமணிய ஐயர். கமிட்டி ஊர் ஊராகச் சாட்சி கேட்டது, சாஸ்திரிகளைக் கேட்டது, சீர்திருத்தக்காரர்களைக் கேட்டது. 1934-ல் கொடுத்த அறிக்கை, ‘கற்றறிந்த பண்டிதர்களின் பரிஷத்தைக் கூட்டி முடிவு செய்யலாம்’ என்கிற ரீதியில் இருந்தது. கமிட்டிகளின் குணம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பரிஷத்துக்கு வேலை வைக்காமல் 1936 நவம்பர் 12-ல், கொல்லம் 1112 துலாம் 27-ல், சித்திரைத் திருநாள் மகாராஜா ‘க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம்’ வெளியிட்டார். சர்க்கார் கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. அரசருக்கு அப்போது வயது 24. பின்னால் நின்று காரியம் முடித்தவர், அந்த ஆண்டுதான் திவானாக வந்த சர் சி. பி. ராமசாமி ஐயர். 1937 ஜனவரியில் காந்தி மறுபடி வந்தபோது, திறந்த கோவில்களுக்குள் எல்லாரோடும் சேர்ந்து போனார். சுசீந்திரமும் அவற்றில் ஒன்று.

மதுரை மீனாட்சி கோவில் திறந்தது 1939 ஜூலையில். நம் ஊர் சுமார் இரண்டரை ஆண்டு முந்தி.

நாலு பேர், நாலு மதம்

1925-லிருந்து 1936 வரை திவான் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தவர்கள்: எம். இ. வாட்ஸ் என்ற ஆங்கிலோ இந்தியக் கத்தோலிக்கர், வி. எஸ். சுப்பிரமணிய ஐயர், சர் தாமஸ் ஆஸ்டின் என்ற வெள்ளைக்கார ஐ.சி.எஸ்., சர் முகம்மது ஹபிபுல்லா. பத்மநாபசுவாமிக்கு அடிமைப்பட்ட ராஜ்ஜியத்தை நடத்தியவர்கள் இவர்கள். நாலு மதம் என்று தலைப்பில் போட்டது கொஞ்சம் கைக்கு வந்தபடிதான், கணக்குப் பார்த்தால் மூன்றுதான் தேறும்.

ஜெனீவாவுக்குப் போன திவான்கள்

சி.பி. 1926, 27 ஆண்டுகளில் ஜெனீவா சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதி. ஹபிபுல்லா 1929-ல் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனார். பக்கத்துக் கொச்சியில் 1935 முதல் 1941 வரை திவானாக இருந்த கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் 1938-ல் போனார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியும் இவரே. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதியவரும் இவரே. பட்ஜெட் எழுதிய கை, புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியது நம் மந்திரிகளில் அபூர்வம்.

அதே ஜெனீவாவில் அந்த நாளில் கொடிகட்டிப் பறந்தவர் ருமேனியாவின் நிகோலாய் தித்துலெஸ்கு. 1930-லும் 1931-லும் அடுத்தடுத்து இரண்டு முறை சங்கத்தின் பொதுச்சபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெருமை வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

வாத்தியார் பிரதமரானால்

ருமேனியா என்றதும் ஞாபகம் வருகிறது. போர்களுக்கு இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில் புலவர்களை ஆட்சியில் அமர்த்திப் பார்த்த நாடு அது. நிகோலாய் யோர்கா, புக்கரெஸ்ட் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். எழுதிய நூல்களும் சிறுநூல்களும் ஆயிரத்துக்கு மேல். 1931 ஏப்ரலில் பிரதமரானார், 1932 ஜூனில் இறங்கினார். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் வந்த ஆட்சி, எதையும் நிமிர்த்த முடியவில்லை. 1940 நவம்பரில் ‘இரும்புக் காவலர்’ என்ற பாசிசக் கும்பல் வீடு புகுந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றது.

நம் சி.பி.க்கும் வெட்டு விழுந்தது. 1947 ஜூலை 25, திருவனந்தபுரத்தில் ஒரு இசை விழா முடிந்து கிளம்புகிற நேரம். அவர் பிழைத்துக்கொண்டார், பதவி பிழைக்கவில்லை.

கவிஞன் பிரதமரானால்

அது இன்னும் மோசம். ருமேனியக் கவிஞர் ஒக்டாவியன் கோகா 1937 டிசம்பர் கடைசியில் பிரதமராகி 44 நாள் ஆண்டார். அந்த 44 நாளுக்குள் யூதர்களின் குடியுரிமையை மறுபரிசீலனை செய்ய உத்தரவு போட்டார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்களானார்கள். படித்தவன் ஆண்டால் நன்றாக இருக்கும் என்று டீக்கடையில் சொல்பவர்களிடம் இந்தத் துணுக்கைக் காட்டலாம்.

கிராமத்தை எண்ணியவர்கள்

அதே ருமேனியாவில் திமித்ரியே குஸ்தி என்ற சமூகவியல் பேராசிரியர், மாணவர்களைக் கூட்டமாகக் கிராமங்களுக்கு அழைத்துப் போய் வீடு, சாப்பாடு, வரவு செலவு, பாட்டு, நோய் எல்லாவற்றையும் எழுத வைத்தார். 1932, 33-ல் கல்வி மந்திரியாகவும் இருந்தார். புக்கரெஸ்டில் 1936-ல் திறந்த கிராம அருங்காட்சியகம் அவருடைய வேலை. உண்மையான குடியானவர் வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள்.

திருவிதாங்கூரில் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதியவர் டாக்டர் என். குஞ்ஞன் பிள்ளை. சமஸ்தானத்தின் ஜனத்தொகை அப்போது சுமார் 51 லட்சம். ஒரு ஊரின் உள்கதையை முழுசாக எழுதியது யார் என்றால், அதற்கு நம் ஊருக்கே ஒரு ஆள் இருந்தார்.

ஒரு கோவிலுக்கு ஒரு நூல்

நாஞ்சில் நாட்டுக்காரரான கே. கே. பிள்ளை 1905-ல் பிறந்தவர். இந்த இருபது ஆண்டில் படித்து ஆளானவர். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைத் தலைவர். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலைப் பற்றி மட்டும் அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய ஆய்வு நூலைச் சென்னை கலாக்ஷேத்திரா 1953-ல் வெளியிட்டது. கோவில் நூல் என்றால் தலபுராணம், சிற்ப வர்ணனை, கோபுர உயரம் என்று முடித்துவிடுவது வழக்கம். இவர் அப்படி விடவில்லை. கோவிலை ஒரு ஆபீஸ் போல எடுத்துக்கொண்டு, யார் கையில் சாவி, யாருக்கு எவ்வளவு நெல், கோவிலை நிர்வகித்த யோகக்காரர்களுக்கு என்ன அதிகாரம், தெக்குமண் மடத்துக்கும் வட்டப்பள்ளி மடத்துக்கும் என்ன உரிமை, சர்க்கார் எப்போது உள்ளே வந்தது என்று ஒவ்வொன்றாக எழுதினார்.

கோவில் ஒரு காலத்தில் கோர்ட்டாகவும் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை விட்டுத் தன் நிரபராதித்தனத்தைக் காட்ட வேண்டும். ‘கைமுக்கு’ என்று பெயர். சுவாதித் திருநாள் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை நிறுத்தினார்கள். இசைத்தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிற டூரிஸ்டுகளுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

குடிக்காரிகள்

சுசீந்திரம் கோவிலில் ஆடிப் பாடிய தேவதாசிகளுக்கு ஊரில் வழங்கிய பெயர் இது. சேது லட்சுமி பாய் மகாராணி ரீஜெண்டாக ஆண்ட காலத்தில், 1930-ல், தென் திருவிதாங்கூர்க் கோவில்களில் அந்த முறை நிறுத்தப்பட்டது. சென்னை ராஜதானியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதற்காகச் சட்டசபையில் மன்றாடிக்கொண்டிருந்த நேரம். இந்தியாவில் ஒரு சட்டசபைக்குத் துணைத் தலைவரான முதல் பெண் அவர். அவர் கேட்ட தடை முழுச் சட்டமாக அங்கே வந்து சேர 1947 ஆனது.

டாக்டரம்மாவும் ஜட்ஜம்மாவும்

மேரி புன்னன் லூக்கோஸ்: 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல். இந்தியாவில் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. நாகர்கோவில் காசநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது அவர் முயற்சியில்.

அன்னா சாண்டி: 1937-ல் முன்சீப். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. நியமித்தது சி.பி. சர்க்கார்.

வக்கீல் விட்ட தொழில், அகராதி பெற்ற லாபம்

எஸ். வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிச் சீமைக்காரர். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து, அங்கேயே சில ஆண்டு வக்கீல் தொழில் பார்த்தார். கவிமணியோடு பழக்கம் ஏற்பட்டது அங்கேதான். 1926-ல் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆனார். 1936-ல் ஆறு தொகுதிகளும் முடிந்தபோது அதில் 1,04,405 சொற்கள் இருந்தன. பின்னிணைப்பு தனி. நாஞ்சில் நாட்டுச் சொற்களும் அதில் இடம் பிடித்திருக்கின்றன, ‘நாஞ்’ என்ற சுருக்கக் குறியைத் தேடிக்கொண்டே பக்கம் புரட்டினால் மத்தியானம் போவது தெரியாது.

போலீஸ்காரர் சொன்ன காலக்கணக்கு

கே. என். சிவராஜ பிள்ளை, நாஞ்சில் நாட்டவர். திருவிதாங்கூர் போலீஸில் உத்தியோகம் பார்த்தவர். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ரீடர். சங்கப் புலவர்களையும் அரசர்களையும் தலைமுறை தலைமுறையாக வரிசைப்படுத்தி, யாருக்குப் பின் யார் என்று 1932-ல் ஒரு ஆங்கில நூல் எழுதினார். சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து, ஒருவர் வாக்குமூலத்தை இன்னொருவரோடு ஒட்டிப் பார்க்கிற முறை. பழைய தொழில் கை விடவில்லை. அகத்தியர் கதையையும் இப்படியே விசாரணைக் கூண்டில் ஏற்றி இன்னொரு நூல் எழுதினார், பக்தர்கள் ரசித்திருக்க மாட்டார்கள்.

தலைமைச் செயலக மகாகவி

மலையாள இலக்கியத்தின் மிக விரிவான வரலாற்றை எழுதிய உள்ளூர் பரமேசுவர ஐயர் தமிழ்க் குடும்பத்தில் வந்தவர். எம்.ஏ.வில் படித்தது மலையாளமும் தமிழும். திருவிதாங்கூர் சர்க்கார் உத்தியோகத்தில் தலைமைச் செயலாளர் பொறுப்பு வரை பார்த்தார். 1937-ல் மகாகவிப் பட்டம்.

கஜானாவில் ஒரு கீர்த்தனைக்காரர்

திருவனந்தபுரம் டி. லட்சுமணப் பிள்ளை சமஸ்தானக் கருவூலத்தில் அதிகாரி. தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார், பாடினார், வீணை வாசித்தார். 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், அதுவே பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28½ சக்கரம். பகல் முழுக்க இந்த அரைச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு ராத்திரி ராகம் பாடுவதென்றால் பெரிய மனசுதான்.

ரசிகமணியின் கோவில் உத்தியோகம்

கவிமணியின் பாட்டை மேடை மேடையாகப் பாடிக் காட்டித் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். அவரே சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்ததும், 1930லிருந்து 35 வரை இந்து அறநிலையக் கமிஷனராக இருந்ததும் பலருக்குத் தெரியாது. கம்பன் பாட்டில் இடைச்செருகலைத் தூக்கி எறிந்தவர் கோவில் கணக்கில் எப்படி இருந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது.

ஐன்ஸ்டைன் கதை

1937 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியது. மகாராஜா வேந்தர், சி.பி. முதல் துணைவேந்தர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அதோடு இணைந்தது. துணைவேந்தராக வரச் சொல்லி ஐன்ஸ்டைனை மாதம் ஆறாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்குக் கூப்பிட்டதாகவும், அவர் பிரின்ஸ்டனுக்குப் போவதாகச் சொல்லி மறுத்ததாகவும் ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனில் குடியேறியது 1933 அக்டோபரில். பல்கலைக்கழகம் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால். கதை சொல்கிறவர்கள் காலண்டர் பார்ப்பதில்லை.

லண்டன் சால்ட்டர், சுசீந்திரம் பஸ்

1938 பிப்ரவரி 20-ல் திருவிதாங்கூர் சர்க்கார் பஸ் ஓடத் தொடங்கியது. நடத்த வந்தவர் இ. ஜி. சால்ட்டர், லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். நாகர்கோவில் – கன்னியாகுமரி தடம் மறுநாளே தொடங்கிய தடங்களில் ஒன்று. ஆக, சுசீந்திரம் கோவில் எல்லாருக்கும் திறந்து பதினாறு மாதத்துக்குள், எல்லாரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து அந்த ஊரைக் கடக்கிற வசதியும் வந்துவிட்டது. டிக்கெட்டுக்குச் சாதி கேட்க முடியாது.

ஒரு ருமேனியர் வந்து போனார்

1928 கடைசியில் 21 வயது மிர்ச்சா எலியாதே இலங்கை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தார். சென்னை அடையாற்றில் தத்துவப் பேராசிரியர் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவைச் சந்தித்து, கல்கத்தாவுக்குப் போய் அவரிடம் படித்தார். செலவுக்குப் பணம் கொடுத்தது ஒரு வங்காள ஜமீன், காசிம்பசார் மகாராஜா. பிற்பாடு சிகாகோவில் மதங்களின் வரலாற்றுப் பேராசிரியராக உலகப் புகழ் பெற்றார். குமரி முனைப் பக்கம் வந்திருந்தால் நம்மவர்களுக்கும் ஒரு பத்தி கிடைத்திருக்கும்.

செப்டம்பர் 26

கவிமணி மறைந்தது 1954 செப்டம்பர் 26. சி.பி. லண்டனில் மறைந்தது 1966 செப்டம்பர் 26.

சரஸ்வதி தலைநகருக்குப் போகிறாள்

ஒவ்வொரு நவராத்திரிக்கும் மூன்று சாமிகள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன: பத்மநாபபுரம் அரண்மனைச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து வடக்கே போனபின் வந்த வழக்கம். 1956-ல் ராஜ்ஜியமே இரண்டாகப் பிரிந்தபின்னும் நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் இரண்டு மாநிலப் போலீஸும் மரியாதை செய்கிறார்கள்.

அரசியல் சாசனத்தில் நம்ம கோவில்

கடைசியாக ஒரு கணக்கு. கர்னல் மன்றோ திவானாக இருந்த 1811, 12-ல் சுசீந்திரம் உள்ளிட்ட கோவில்களின் நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதன் பின் கோவில் நிர்வாகம் வருவாய்த் துறையோடு சேர்ந்தது. துறை ஊழியர் கோவிலுக்குள் போக வேண்டியிருந்ததால், கிறிஸ்தவர், முஸ்லிம், ஈழவர் யாருக்கும் வருவாய்த் துறையில் வேலை இல்லை. 1919-ல் மூன்று தரப்பும் சேர்ந்து சமூக உரிமைக் கிளர்ச்சி நடத்தின. விளைவு, 1922-ல் தேவஸ்வம் தனித் துறையானது. எடுத்துக்கொண்ட நிலத்துக்கு ஈடாக, சர்க்காரின் நிலவரி வருமானத்தில் குறைந்தது 40 சதவீதம் கோவில்களுக்கு ஒதுக்கப்பட்டது. வேலை கேட்ட கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடத்திய கிளர்ச்சியால் கோவிலுக்கும் ஒரு நிரந்தர வருமானம் எழுதிவைக்கப்பட்டது.

1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அந்தக் கடனும் கூடவே வந்தது. இந்திய அரசியல் சாசனத்தின் 290-ஏ பிரிவைத் திறந்து பாருங்கள். திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து மாறி வந்த பகுதியிலுள்ள கோவில்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கேரளா கொடுக்க வேண்டியது 46 லட்சத்து 50 ஆயிரம். சாசனத்தில் தொகை அப்படியே இருக்கிறது, சந்தையில் பூ விலைதான் ஏறிக்கொண்டிருக்கிறது.